சனிக்கிழமைப் புகை

பாய்லர் போடுகிற டுவேன் இடம் குறிப்பதற்காக முற்றத்தில் ஒரு மரமுளையை அடித்தபோது, என் மனைவி ஐலி சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூக்கிலிருந்து இறங்கிய மெல்லிய குழாய் நாற்காலியைச் சுற்றிச் சமையலறையைக் கடந்து, படுக்கையறை மூலையில் உறுமிக்கொண்டிருந்த ஆக்சிஜன் இயந்திரத்தில் போய் முடிந்தது. முளையின் தலையில் கட்டியிருந்த ஆரஞ்சு நாடா ஏரிக்காற்றில் படபடத்தது.

"பெரியவரே, இந்த இடம்தான் தோது. அடுப்பு வெளியில, சூடு உள்ள. இங்க கொதிக்கிற தண்ணி மண்ணுக்கடியில குழாய் வழியா வீட்டுக்குள்ள ஓடும். ஒரு பொறிகூட உள்ள வராது" என்றான் டுவேன். "தரை உறைஞ்சுட்டா பள்ளம் தோண்ட முடியாது. சனிக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிக்க என்ன இருக்கு? இவ்வளவு விறகை வெச்சுக்கிட்டு வேற எதைப் போடப் போறீங்க?" சாலைப் பக்கம் நின்ற என் விறகு அடுக்கை அவன் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. அதை நான் கவனிக்காமல் இல்லை.

மிச்சிகனின் இந்த வடகோடியில் ஒரு குடும்பத்தின் யோக்கியதையை அதன் விறகு அடுக்கு சொல்லிவிடும். என் மாமனார் பெண் கொடுப்பதற்கு முன் என்னைப் பார்க்க வரவில்லை, எங்கள் அடுக்கைப் பார்க்கத்தான் வந்தார். செப்புச் சுரங்கம் மூடியபின் என் தந்தை, வெட்டி முடித்த காட்டை வாங்கி, வேரோடு வேராக மல்லுக்கட்டி இந்த நிலத்தை உண்டாக்கினார். சாகும்வரை அவர் சூட்டை விலை கொடுத்து வாங்கியதில்லை. அவர் காலத்திலேயே இந்தச் சாலையில் ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் வெள்ளை கேஸ் டேங்குகள் முளைக்கத் தொடங்கின. "குழாயில் உறிஞ்சுகிற வீடுகள்" என்பார் அவற்றை. அவர் போனபின் அதை நான் சொன்னேன். தேவாலயத்தில் காபி நேரத்தில், எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னேன்.

இலை உதிரத் தொடங்கியபோது ஐலிக்கு ஆக்சிஜன் இயந்திரம் வந்தது. கொண்டுவந்தவன் எங்கள் சமையலறை விறகு அடுப்பு எரிவதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். இரண்டில் ஒன்றுதான் இந்த வீட்டில் இருக்க முடியும் என்றான். அன்று அடுப்பை அணைத்தேன். அதன்பின் இரண்டு மின் கணப்புகளை வைத்துக்கொண்டு ஒப்பேற்றினோம். காலையில் சன்னல் மூலைகளில் பனி பூத்திருக்கும். ஐலி கோட்டோடு தூங்கினாள்.

வீட்டுப் புகைபோக்கி குளிர்ந்து கிடப்பது சாலையில் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அதனால் ஓடைக்கரையில் இருக்கும் எங்கள் சௌனாவை, அந்த நீராவிக் குளியல் குடிலை, நான் தினமும் காலையில் மூட்டினேன். காற்று அந்தப் புகையை வீட்டுப் பக்கம் விடாமல் சாலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போகும். அடுத்த பண்ணையிலிருக்கும் வில்பர்ட் ஹக்காலா தபால் பெட்டியருகே வண்டியை நிறுத்திக் கேட்டான்: "என்னடா ரெய்னோ, தினமும் குளியலா? அப்படி என்ன பாவம் பண்ணினே, கழுவக் கழுவப் போகாம?"

"உன்னை மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை குளிக்கிற வம்சம் இல்லடா நாங்க" என்றேன்.

வில்பர்ட் போன வருடமே வெளி பாய்லர் போட்டுவிட்டான். விறகுதான், ஆனால் நெருப்பு வீட்டுக்கு வெளியே. எனக்கு அது ஒரு வழியாகத் தெரிந்தது. ஐலியின் இயந்திரமும் இருக்கும், தந்தையின் சொல்லும் நிற்கும். கிரீன் பே நகரத்திலிருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த என் மகள் லோர்னா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்பா, கேஸ் போட்டா முடிஞ்சுது. நெருப்பு மூடின பெட்டிக்குள்ளயே இருக்கும். புகையும் இல்ல, கட்டை தூக்கற வேலையும் இல்ல. உங்களுக்கும் வயசாகுது."

"இந்த வீட்டு முன்னால அந்த வெள்ளை டேங்க் நிக்காது."

"அம்மா நிக்கணுமில்ல?"

அப்படி என்னிடம் இந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. நான் எழுந்து விறகு அடுக்குப் பக்கம் போனேன்.

வெள்ளிக்கிழமை வில்பர்ட்டின் பாய்லரைப் பார்த்துவிட்டு வருவதென்று கிளம்பினேன். காற்றில்லாத காலை. தகரக் கொட்டகை போன்ற அந்தப் பெட்டியின் குட்டைப் புகைபோக்கியிலிருந்து புகை எழும்பவில்லை, வழிந்தது. மஞ்சளும் சாம்பலுமாக இறங்கி, முற்றத்தில் இடுப்பளவுக்குப் படுத்துக் கிடந்தது. வில்பர்ட் பெருமையாகக் கதவைத் திறந்து காட்டினான். உள்ளே கட்டைகள் எரியாமல் புழுங்கிக்கொண்டிருந்தன.

"தண்ணி சூடு ஏறிட்டா தானே காத்தை மூடிக்கும். அப்புறம் இப்படித்தான் கனிஞ்சுக்கிட்டே கிடக்கும். கண்ணைக் கசக்காதடா, பழகிடும்."

"புகைபோக்கியை உசத்தலாமே?"

"உசத்தினேன். கொஞ்சம் தள்ளிப்போய் விழுது."

"உன் வீட்டுக்காரி எங்க?"

"மாடியில. சன்னலையெல்லாம் டேப் ஒட்டி அடைச்சுட்டா. பொம்பளைங்களுக்கு எதைச் செஞ்சாலும் ஒரு குறை. வா, காபி குடி."

நான் மேட்டில் நின்று என் வீட்டைப் பார்த்தேன். அது வில்பர்ட்டின் வீட்டைவிடப் பள்ளத்தில் இருக்கிறது. முளை அடித்த இடம் என் வீட்டுக்குச் சற்று மேட்டில், ஐலியின் சன்னலுக்கு நேராக. விறகு நன்றாகக் காய்ந்திருந்தால் புகை குறையும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் விறகு காய்ந்தது. ஹக்காலாவின் விறகு என்றைக்குக் காய்ந்திருக்கிறது?

வீட்டுக்குள் நுழைந்தபோது ஐலியின் குழாய் ஒரு காதிலிருந்து நழுவியிருந்தது. கோட்டைக் கழற்றாமலே குனிந்து அதைச் சரிசெய்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கப் போனாள். அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. எப்போதும் வருகிற இருமல் அல்ல அது. அடியிலிருந்து எதையோ பிடுங்குவது போல வந்து, பாதியில் சத்தமே இல்லாமல் நின்றுபோயிற்று. வாய் மட்டும் திறந்திருந்தது. உதடுகள் காட்டுப்பழம் தின்றவள் உதடு போல நீலமாயின. நான் அவள் முதுகைத் தாங்கிக்கொண்டேன். இன்னும் நெருங்கினேன்.

"அப்பா, கோட்டு! உங்க கோட்டுல புகை!" லோர்னா ஓடிவந்து என்னைப் பின்னால் இழுத்தாள். நான் தடுமாறி மேசையைப் பிடித்தேன். என் கோட்டை உருவி வாசலுக்கு வெளியே வீசினாள். ஈரத் துணியை அறைந்தது போலச் சத்தம் கேட்டது.

மூச்சு திரும்ப வெகுநேரமாயிற்று. ஐலி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொற்களுக்கு நடுவே நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"ஹக்காலா... வீடா?"

"ஆமா."

"காபி... குடுத்தானா?"

"குடுத்தான்."

"பாவம்... நீ." ஹக்காலா வீட்டுக் காபியின் ருசி அவளுக்குத் தெரியும். சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் பாதியிலேயே அடக்கிக்கொண்டாள். அவள் பாய்லரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காய்ந்த விறகைப் பற்றி நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை காலையில் கடப்பாரையோடு முற்றத்துக்குப் போனேன். கோட்டு படியில் விறைத்துக் கிடந்தது. அதைத் தாண்டிப் போனேன். தரை முளையை இறுக்கத் தொடங்கியிருந்தது. அசைத்து அசைத்துப் பிடுங்கினேன். நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினால், லோர்னா வாசலில் நின்றிருந்தாள்.

"டுவேன்கிட்ட வேண்டாம்னு சொல்லிடு. அவங்களைக் கூப்பிடு" என்றேன்.

"யாரை?"

"தெரியாத மாதிரி கேக்காதே."

அவள் உள்ளே போய்க் கேஸ்காரர்களிடம் பேசிவிட்டு வந்தாள். குரல் தணிந்திருந்தது. "அப்பா, டேங்கை சௌனாவுக்குப் பின்னால மறைச்சு வைக்க முடியாதாம். கேஸ் நிரப்புற லாரியோட குழாய் எட்டாதாம். ரோட்டோரமாத்தான் வைக்கணுமாம். அடுக்கு இருக்கிற இடத்துல."

"சரி."

"நான் ஆளைக் கூப்பிடட்டுமா, கட்டையை எடுக்க?"

"என் அடுக்கை இன்னொருத்தன் தொடமாட்டான்."

அன்று நான் சௌனாவை மூட்டவில்லை. என் உடம்பில் புகைவாடையோடு இனி அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போக முடியாது. அடுக்கின் மேல்வரிசையிலிருந்து தொடங்கினேன். மேப்பிள், பிர்ச், மறுபடி மேப்பிள். ஒவ்வொரு கட்டையும் தட்டினால் கணீரென்று ஒலித்தது. எடுத்து எடுத்துப் பின்பக்கம் கொண்டுபோய்ப் போட்டேன், அடுக்கவில்லை.

மதியத்துக்குமேல் வில்பர்ட்டின் வண்டி வந்தது. வழக்கமாக அடிக்கிற ஹார்னை அடிக்காமல், மெதுவாக வந்து நின்றது. அவன் இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துவந்தான். எங்கள் பக்கம் சனிக்கிழமை சௌனா புகையாத வீடு சாவு வீடு. அதை நான் மறந்தே போயிருந்தேன்.

"எப்ப, ரெய்னோ?" என்றான்.

"எது எப்ப?"

அவன் ஓடைக்கரையைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். நான் சன்னலைக் காட்டினேன். ஐலி கையை உயர்த்தினாள்.

"அட கடவுளே, என் உயிரே போயிடுச்சு" என்று மூச்சை விட்டான். பிறகுதான் என் கையிலிருந்த கட்டையைக் கவனித்தான். "அப்புறம் இதை ஏன் கலைக்கிறே?"

"டேங்க் வருது."

அவன் முகத்தில் அந்தப் பழைய குறும்பு வந்தது. என்னிடமிருந்து இத்தனை வருடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வாய் திறந்தான். "குழாயில உறி..." என்று தொடங்கியவன் கண் சன்னலுக்குப் போயிற்று. அவளுடைய மூக்கிலிருந்து இறங்கிய குழாய் வெயிலில் மின்னியது. வார்த்தை நின்றுவிட்டது.

நான் அடுத்த கட்டையை எடுத்தேன். வில்பர்ட் சன்னலைப் பார்த்துக் கை அசைத்தான், அவளும் அசைத்தாள். சாவு வீட்டுக்கென்று கழற்றிய தொப்பியை மட்டும் அவன் திரும்பத் தலையில் வைத்துக்கொள்ளவில்லை.