ஒருநாள் நீக்கம்

ஆய்வகத்து வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் அவள் காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தாள். இன்று அவளுக்கு வேலை இல்லை. நேற்று மாலை நீக்கிவிட்டார்கள், நாளைக் காலை மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். தற்காலிக ஊழியர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இப்படி ஒருநாள் நீக்கம் உண்டு. விடாமல் வேலை பார்த்தால் நிரந்தரம் கேட்டுவிடுவார்களாம். அதனால் நடுவில் ஒரு நாளை வெட்டி எடுத்துவிடுவது. அந்தக் குடிநீர் ஆய்வகத்தில் அவள் பதினோரு வருடமாகப் பாட்டில் கழுவுகிறாள். அரசாங்கத்தின் கணக்குப்படி எங்கேயும் ஆறு மாதத்துக்கு மேல் நிலைத்ததில்லை.

அன்றைக்கு வீட்டில் கிடக்கலாம்தான். ஆனால் இருப்புக் கொள்ளாது. வாசலைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை எங்கும் ஓடிவிடாது என்று ஒரு நினைப்பு. பெஞ்சின் ஒரு ஓரமாக, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருப்பாள். ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கும் பரிசோதகர் வருவார்.

டீ நேரத்தில் அவர் சாலையைக் கடந்து வந்தார். தலை நரைத்த ஒல்லி மனிதர். வெள்ளைக் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு கண்ணாடிக் கோல் நீட்டிக்கொண்டிருக்கும்.

"என்னம்மா, இன்னிக்குச் செத்துப்போயிட்டியா?"

"ஆமாண்ணே. நாளைக்குக் காலையில பொறந்துடுவேன்."

இது அவர்களுக்குள் பழைய வேடிக்கை. அவர் கேட்பார், அவள் சொல்வாள், இருவரும் டீ குடிப்பார்கள். ஆபீஸில் வேறு யாரும் அன்றைக்குச் சாலையைக் கடக்க மாட்டார்கள். வேலை போவதும் ஒரு தொற்றுநோய் மாதிரிதான், எதற்கு வம்பு என்று ஒதுங்கிப் போவார்கள்.

அவரைப் பார்த்தால் அவளுக்குப் பொறாமையாக இருக்கும். சம்பளத்துக்கோ பென்ஷனுக்கோ அல்ல, அவர் வாயில் புழங்கிய ஒரே ஒரு சொல்லுக்காக. "இந்தத் தண்ணி குடிக்க லாயக்கில்ல சார். லாயக்குன்னு எழுத மாட்டேன்." வந்து போன எல்லா இயக்குநர்களிடமும் அதைச் சொல்லியிருக்கிறார். கத்துவார்கள். ஒருமுறை பழைய சாமான் கிடக்கும் அறைக்குக் கூட மாற்றிப் பார்த்தார்கள். ஆனாலும் அவர் மறுநாள் வந்துவிடுவார், கொஞ்ச நாளில் ஜன்னலோர முக்காலிக்கே திரும்பிவிடுவார். மாட்டேன் என்று சொல்லிவிட்டு மறுநாளும் வேலைக்கு வர முடிகிறதே, அதற்குத்தான் அவள் ஏங்கினாள்.

அவளுக்கு வாய்த்தது 'சரிங்க' மட்டும். ஆபீஸ் கிளார்க்குக்கு அவள் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. பாட்டில் வந்தால் பதிவேட்டில் பதிகிற வேலை அவனுடையது, பதிகிறவள் இவள். சாப்பிட்டுவிட்டு டிபன் டப்பாவையும் இவளிடமே நீட்டுவான். "சரிங்க" என்று வாங்கிக் கழுவுவாள். அப்புறம் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள், "மாட்டேன்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்ப்பாள். அடுத்தவர் செருப்பில் காலை நுழைத்துப் பார்ப்பதுபோல இருக்கும்.

அந்த வருடம்தான் புதுச் சட்டம் வந்தது. அரசாங்க ஊழியர் யாரையும் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம். டிவியில் செய்தி ஓடியபோது, பஞ்சர் கடை வைத்திருக்கும் அவள் கணவன் தொடையைத் தட்டினான்.

"அப்படிப் போடு. என் கடையில ஒழுங்கா ஒட்டலைன்னா மறுநாள் ஒருத்தன் எட்டிப் பார்ப்பானா? இவங்களுக்கு மட்டும் நாற்காலிய பட்டா போட்டா குடுத்திருக்கு?"

"மொதல்ல அந்தத் தூங்குமூஞ்சிய அனுப்பட்டும். அன்னிக்கு ஆபீஸுக்கே நான் டீ வாங்கித் தர்றேன்."

"அனுப்பாம? வேலை செய்யறவன் இருப்பான், செய்யாதவன் போவான். அவனுங்க அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கறதாலதான் உனக்கு இடமில்ல. நீ வேணா பாரு, உனக்கு ஒரு வழி பொறக்கும்."

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டாள், மனதுக்குள்.

புது இயக்குநர் சின்ன வயசுக்காரர். குரலே உயராது, குடித்த டீ கப்பைத் தானே கழுவி வைப்பார். வந்த முதல் வாரம் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினார்.

"யாரும் பயப்பட வேண்டாம். வெளியில எல்லாரும் இப்படித்தானே பொழைக்கறாங்க? வேலைக்கு எடுக்கறது கல்யாணமா என்ன, ஆயுசு பூரா கட்டிக்கிட்டு அழறதுக்கு? ஜனங்க வரிப் பணத்துல சம்பளம் வாங்கறோம். சரியில்லைன்னா அனுப்பற உரிமை அவங்களுக்கு வேணுமா இல்லையா?"

வேணும்தான் என்று ஈரக் கையோடு கதவருகில் நின்றவளுக்குத் தோன்றியது. தூங்குமூஞ்சியைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை வருடத்தில் அன்றுதான் அவன் கண் முழுசாகத் திறந்திருந்தது. மறுநாளிலிருந்து இயக்குநர் அறைக் கதவை அவன்தான் திறந்துவிட்டான். அவர் எதைச் சொன்னாலும் "ஆமா சார்" என்றான். வேலை என்னவோ இவளிடமேதான் வந்தது.

ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய குடியிருப்பிலிருந்து சோதனைக்குத் தண்ணீர் வந்தது. பரிசோதகர் இரண்டு முறை பார்த்தார். பாட்டில் தட்டோடு உள்ளே போனவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

"நாளன்னிக்குத் திறப்பு விழா. இன்னொரு தடவை பாருங்களேன்," என்றார் இயக்குநர்.

"எத்தனை தடவை பார்த்தாலும் சாக்கடை சாக்கடைதான் சார். குழாய் எங்கயோ உடைஞ்சு கலக்குது. கொழந்தைங்க குடிக்கப்போற தண்ணி. லாயக்குன்னு எழுத மாட்டேன்."

"எழுத வேண்டாம். நாளையிலேருந்து நீங்க வரவும் வேண்டாம்."

பரிசோதகருக்கு உடனே புரியவில்லை. "காரணம்?"

"காரணம் சொல்லணும்னு இப்ப சட்டத்துல இல்லைங்க. உங்க மேல எனக்குக் கோபம் எதுவும் கிடையாது."

கோபம் இல்லைதான். குரல் அப்போதும் உயரவில்லை. பரிசோதகர் கோட்டைக் கழற்றி மடித்து முக்காலி மேல் வைத்தார். கண்ணாடிக் கோலை எடுத்து அவள் தட்டில் போட்டு, "கழுவி வெச்சுடும்மா," என்றார்.

மறுநாள் காலை அவள் வேலைக்கு வரும்போது அவர் டீக்கடை பெஞ்சில் இருந்தார். முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டு, மடியில் டிபன் டப்பாவோடு இருந்தார். அவள் சாலையைக் கடந்து போனாள்.

"வீட்டுல இருக்கக் கூடாதாண்ணே?"

"உங்க அண்ணிகிட்ட இன்னும் சொல்லல." சாலைக்கு அந்தப் பக்கமிருந்த வாசலைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "நேத்து செத்துப்போயிட்டேன்மா. உன் கணக்குப்படி இன்னிக்குப் பொறந்திருக்கணும், இல்ல?"

அவள் கடைக்காரரிடம் அவருக்கு ஒரு டீ சொன்னாள்.

"சோதனை பண்ண என்னை விட்டா அங்க ஆள் கிடையாது. கூப்பிடுவாங்க."

"கூப்பிடுவாங்கண்ணே," என்றாள். எப்படிப்பட்டவர்களைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்பது நீங்கி நீங்கிச் சேர்ந்த அவளுக்குத் தெரியும்.

உள்ளே போனதும் இயக்குநர் அழைத்தார். உட்காரச் சொன்னார். இத்தனை வருடத்தில் அந்த அறையில் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

"உங்க வேலையைப் பத்தி எல்லாரும் நல்லாச் சொல்றாங்க. அந்த ஒருநாள் நீக்கம், அது ரொம்ப அநியாயம்மா. இனிமே உங்களுக்கு அது கிடையாது."

அவள் கை தானாகப் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது.

"அப்ப நிரந்தரமா சார்?"

அவர் அன்பாகத்தான் சிரித்தார். "நிரந்தரம்னு ஒண்ணே இனிமே இல்லையேம்மா. அது இருந்தாத்தானே, கேட்டுடுவீங்களோன்னு பயந்து நடுவுல வெட்டணும்? இப்ப எல்லாரும் உங்களை மாதிரிதான். போய் அந்த ஜன்னலோர முக்காலியில உட்காருங்க. ரிப்போர்ட்டைக் கிளார்க் பார்த்துப்பாரு, நீங்க கூட இருந்து உதவி பண்ணுங்க."

"சரிங்க," என்றாள்.

முக்காலி அவள் நினைத்ததைவிட உயரம். கால் தரையில் பாவவில்லை. மடித்து வைத்த கோட்டை யாரோ அலமாரி மேல் போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தூங்குமூஞ்சி ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினான். புதுக் குடியிருப்பிலிருந்து மறுபடி எடுத்து வந்தது. மூடியின் மேல் ஒட்டிய முத்திரைக் காகிதம் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"லாயக்குன்னு எழுதியாச்சு. கொட்டிட்டுக் கழுவிடு."

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடியில் மெல்லிய பழுப்பு ஒன்று சுற்றிச் சுற்றிப் படிந்துகொண்டிருந்தது. அவள் வாய் திறந்தது. அவன் காத்து நின்றான்.

எழுந்து போய்க் குழாயை முழுக்கத் திறந்தாள். காகிதத்தைக் கிழித்து, தண்ணீரைத் தொட்டியில் சாய்த்தாள். அந்தச் சத்தத்துக்குள் அவள் என்ன சொன்னாள் என்பது அவனுக்குக் கேட்டிருக்காது. சோப்புப் போட்டு, பிரஷை அடிவரை விட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீர் அலசிப் பாட்டிலைக் கவிழ்த்தாள். பளிச்சென்று இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினாள். எதிரே டீக்கடையில் கூட்டம் கலைந்திருந்தது. பரிசோதகர் இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சின் ஒரு ஓரமாக, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்.