இருமல் வந்த தூக்குவாளி

முதலில் அநியாயம் செய்தவர் அரிசி ஆலை ரத்தினசபாபதிதான். தன் பேரன் தருணின் இருமலைத் தூக்குவாளியில் போட்டு மூடி, கீழத்தெருச் சடையாண்டி வீட்டுக்குக் கொடுத்தனுப்பியவர் அவர். நீச்சல் போட்டி முடிந்ததும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். போட்டி முடிந்தது, கோப்பையும் வந்தது. இருமலை எடுத்துக்கொள்ள யாரும் வரவில்லை.

அனுப்பியதில் சடையாண்டிக்கு வருத்தம் கிடையாது. அந்த ஊரில் மேலத்தெருப் பிள்ளைகளின் நோய்கள் கீழத்தெருவில்தான் தங்கும். மேலத்தெரு வீடுகளில் இரண்டு பக்கமும் சன்னல், தரையெல்லாம் பளிங்கு. நோய்க்கு அங்கே பிடிமானம் கிடைக்காது. கீழத்தெரு ஆலைக்குப் பின்பக்கம் இருந்தது. சுவரில் ஈரம், அடுப்பில் விறகுப் புகை, கூரைமேல் நாள் முழுக்க உமிச்சாம்பல். ஓர் இருமல் சௌகரியமாக இருக்கத் தேவையான எல்லாம் அங்கே இருந்தன. இருமலுக்கு இடமாற்றம் தேவை என்று டாக்டரே எழுதிக் கொடுப்பார்.

ஆலை டிரைவர்தான் வாளியைக் கொண்டுவந்தான்.

"எங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு இருமல் இருக்கே அண்ணே" என்றாள் மருமகள் முத்துப்பேச்சி.

"நல்லதாப் போச்சு. ஒண்ணுக்கொண்ணு துணையா இருக்கட்டும்."

முத்துப்பேச்சி மகள் பவுனுவுக்கு அப்போது நாலு வயது. இருமல் அவள் நெஞ்சில் இறங்கி, பழைய இருமலுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

வாளியைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போதுதான் சங்கடம். சடையாண்டி பிறத்தியார் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தவர் இல்லை. ஒரு கை சர்க்கரையாவது, இரண்டு முருங்கைக்காயாவது உள்ளே இருக்க வேண்டும். அன்றைக்குச் சர்க்கரை இல்லை. முருங்கை சாம்பல் படிந்து பட்டுப்போயிருந்தது.

"சும்மா குடுத்துவிடுங்க மாமா. அவங்க என்ன, வாளிக்குள்ள தலைய விட்டா பாக்கப்போறாங்க?"

"வெறும் வாளியவா? என்னை என்னன்னு நெனச்ச நீ?"

வீட்டில் தாராளமாக இருந்தது பவுனுவின் பசி ஒன்றுதான். அதில் பாதியை எடுத்து வாளியில் போட்டார். ததும்பாமல் மூடினார்.

மேலத்தெருவில் அதற்கு நல்ல பெயர். சோற்றுக் கிண்ணத்தோடு வீடெல்லாம் துரத்தினாலும் வாய் திறக்காத தருண், அன்று மறுசோறு கேட்டானாம். முதலாளியம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அதைச் சடையாண்டி டீக்கடையில் நாலு பேரிடம் சொன்னார்.

பிறகு வாளி அடிக்கடி வந்தது. ஒரு தடவை காய்ச்சல் வந்தது. ஊட்டிக்குப் போகும் முன்னால் வயிற்றுப்போக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் ஏதாவது போட்டு அனுப்பினார். பவுனுவின் விடியற்காலைத் தூக்கம். கெண்டைக்கால் சதை. ஒரு பொங்கலுக்கு, நல்ல நாளாயிற்றே என்று, அவள் உயரத்தில் நாலு விரற்கடையையும் கையின் நீளத்தில் கொஞ்சத்தையும் போட்டார். பவுனு எதுவும் கேட்டதில்லை. தாத்தா வாளியைத் துடைக்கிற சத்தம் கேட்டால் தானாக வந்து பக்கத்தில் நின்றுகொள்வாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர் வழக்கம்போல, "வலது கையத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொடும்மா" என்றார். பவுனுவின் கை உச்சிவரை போய் நின்றது.

"அடுத்த வருசம் கூட்டிட்டு வாங்க பெரியவரே."

அடுத்த வருசம் கை உச்சிக்கே வரவில்லை. பின்னால் நின்ற பிள்ளைகள் காதைத் தொட்டுத் தொட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு தடவை பாப்போம். அப்பவும் எட்டலைன்னா பிறகு சேத்துக்க வழியில்லை" என்றார் தலைமையாசிரியர்.

மூன்றாம் வருசம் பள்ளி திறக்கும் முன், சடையாண்டி பவுனுவைக் கூட்டிக்கொண்டு ரத்தினசபாபதி வீட்டுக்குப் போனார். கூடத்து ஓரமாக நின்றார்.

"முதலாளி, இருமலை நீங்க எடுத்துக்கிடுங்க. பிள்ளையோட உயரத்தையும் கை நீளத்தையும் குடுத்திருங்க. பள்ளிக்கூடம் தொறக்கப்போகுது."

ரத்தினசபாபதி கோபப்படவில்லை. தருணைக் கூப்பிட்டார். அவன் நிலைவாசலில் தலையைக் குனிந்துதான் உள்ளே வந்தான்.

"இந்தா நிக்கிறான். இதுல எது அவனது, எது உன் பேத்தியோடதுன்னு நீயே பாத்து எடுத்துக்கய்யா."

சடையாண்டி பார்த்தார். அடையாளம் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே இருந்தது பவுனுவினுடையது. கன்னத்தில் கொஞ்சம் அவளுடையது. கண்ணில் இருந்த தெளிவு அவள் தூங்க வேண்டிய தூக்கம். ஆனால் மேலத்தெருப் பிள்ளைமேல் கைவைத்து அவருக்குப் பழக்கமில்லை.

"தாத்தா, அந்தப் பாப்பா இருமுறது யாரோட இருமல்?" என்று தருண் ரத்தினசபாபதியிடம் கேட்டான்.

"உன்னோடதுதாம்ப்பா."

"நல்லா இருமுறா."

முதலாளியம்மா உள்ளேயிருந்து வந்தார். "நாங்க கேட்டமா சடையாண்டி? வெறும் வாளியத் தந்திருந்தாலும் வாங்கி வச்சிருப்போம். நீயாத்தான் அனுப்புன. வேண்டாம்னா உன் மனசு நோகுமேன்னு நாங்களும் பிள்ளைக்குக் குடுத்தோம்."

பவுனு தலையைத் தூக்கித் தாத்தாவைப் பார்த்தாள். அவர் பார்வையைத் தரைக்கு இறக்கினார். பளிங்குத் தரைக்குள்ளேயும் பவுனு நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு பக்கம் திரும்ப அந்தக் கூடத்தில் இடமில்லை.

பள்ளி திறந்த அன்று பவுனுவின் கை வலது காதோடு நின்றுவிட்டது. தலைமேல் ஏறவே இல்லை. அவள் இருமினாள். தலைமையாசிரியர் நிமிர்ந்தார்.

"ரெண்டு இருமல் கேக்குதே?"

"ஒண்ணு எங்களுது சார். இன்னொண்ணு மேலத்தெரு ரத்தினசபாபதி ஐயா வீட்டுது."

"அப்படிச் சொல்லுங்க. அதைச் சேத்துக்கலாம். வயசும் சரியா இருக்கு."

இருமலைச் சேர்த்துக்கொண்டார்கள். காப்பாளர் என்ற இடத்தில் சடையாண்டி கைநாட்டு வைத்தார். அதற்கு முதல் பெஞ்சில், மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைத்தது. பவுனு தினமும் காலையில் அதைக் கொண்டுபோய் விடுவாள். மணியடிக்கிறவரை, தன் சொந்த இருமலோடு மதில் நிழலில் உட்கார்ந்திருப்பாள். மாலையில் நெஞ்சில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

ஆண்டு விழாவில் இருமல் வகுப்பில் முதலாவதாக வந்ததாக அறிவித்தார்கள். சடையாண்டி துவைத்த சட்டையோடு மேடைக்குப் போனார். பரிசு வழங்க வந்திருந்தவர் ரத்தினசபாபதி. பரிசுத் தட்டை எடுத்தார், அதில் தன் முகத்தைப் பார்த்தார், "நம்ம வீட்டுது" என்று சபைக்குச் சொல்லிவிட்டுத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"முதலாளி, அந்த உயரம்..." என்று சடையாண்டி மெதுவாகக் கேட்டார்.

"விழா நடக்குதுல்ல? பொறவு பாப்போம்."

பொறவு பார்க்கவில்லை. பசி பாதி, தூக்கம், சதை, நாலு விரற்கடை, கையின் நீளம், எல்லாம் அவரிடம் அப்படியே நிற்கிறது.

சடையாண்டி வெறுங்கையோடு கீழே இறங்கி வாசலுக்கு வந்தார். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பிக் கதவுக்கு வெளியே பவுனுவும் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் கைகள் ஒன்றையொன்று எட்டவில்லை. அவர் வெளியே போய் அவள் பக்கத்தில் குந்தி, தன் உள்ளங்கையை நடுவில் கொடுத்தார். அதில் அவள் இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு தட்டினாள். சத்தம் வந்தது.