பூ யாகூபின் வலப்பக்கமும் இரண்டு வால் தகடுகளும்

1.

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குவைத்தின் ஷுவைக் பகுதியில் நான் வேலை பார்க்கும் படகுச் சாமான் கடைக்குள் மிஷாரி வந்தான். இருபத்தொன்பது வயது, நல்ல உயரம். ஒரு கிரீஸ் டின்னின் மேல் உட்கார்ந்து அழுதான். அவன் அழுதுகொண்டே சொன்னதை நான் முதுகைத் தட்டிக்கொண்டே மனதுக்குள் குறிப்பெடுத்துக்கொண்டேன். எழுதுகிறவர்கள் நல்லவர்கள் என்று நினைத்திருந்தீர்களானால் இப்போதே திருத்திக்கொள்ளலாம்.

தொடக்கம் சரியாக அமையவில்லை. மூன்று எழுதிப் பார்த்தேன்.

'பளிங்கு போன்ற வளைகுடாக் கடலில் ஒரு வெண்ணிறப் படகு' (வேண்டாம். அன்றைக்குக் கடல் கலங்கலாக இருந்தது. படகும் வெள்ளை இல்லை, அசல் மஞ்சள்.)

'காதலுக்குக் கண் இல்லை, ஆனால் கடலுக்கு' (இதை முடிக்க எனக்கே வெட்கமாக இருந்தது.)

'பூ யாகூபின் எடை நூற்று முப்பத்தாறு கிலோ.'

இதை வைத்துக்கொள்கிறேன். இனி நடக்கப்போகும் எல்லாமே இந்த எண்ணின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

(பூ என்றால் இங்கே அப்பா. மூத்த மகன் யாகூப், ஆகவே அவர் பூ யாகூப். என் மகன் ஜோவன், ஆகவே நான் பூ ஜோவன். அவ்வளவு பெரிய மனிதரைப் பூ என்று எழுதக் கை கூசத்தான் செய்கிறது. பழகிவிடும்.)

2.

பூ யாகூபின் மகள் லுல்வா, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பொறியாளர். அவளை மிஷாரிக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் அவனை. இரண்டு வீட்டு அம்மாக்களும் பேசி முடித்து, எந்த மண்டபம் என்பது வரை போயாகிவிட்டது. பூ யாகூப் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒருநாள் திறந்தார்.

"வெள்ளிக்கிழம என்னயக் கடலுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. படகு ஓட்டுறதப் பாத்துட்டுச் சொல்றேன்."

மிஷாரிக்குப் படகு ஓட்டுவதில் பயம் இல்லை. நடக்கப் பழகியதே படகில்தான். அவனுடைய பயம் எல்லாம் வலப்பக்கத்தைப் பற்றியது.

இந்த ஊரில் வலப்பக்கம் பெரியவருக்கு உரியது. ஒரு வாசலில் நான்கு பேர் சேர்ந்து வந்தால், வலப்பக்கம் நிற்பவர் முதலில் நுழைய வேண்டும். அவர் அடுத்தவரைப் போகச் சொல்வார், அடுத்தவர் அவரைப் போகச் சொல்வார். மின்தூக்கிக் கதவு இரண்டு முறை மூடித் திறந்த பிறகும் நால்வரும் வெளியிலேயே நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மிஷாரியின் படகில் பின்னால் இரண்டு இருக்கை, வலம் ஒன்று, இடம் ஒன்று. பூ யாகூப் எதில் உட்காருவார் என்று யாரும் கேட்கவே மாட்டார்கள்.

அவன் ஒத்திகை பார்த்தான். வலது இருக்கையில் நாற்பது கிலோ பாசுமதி மூட்டை மூன்று, அவற்றின் மேல் பதினாறு கிலோ பேரீச்சம்பழம் ஒரு பெட்டி. கணக்குச் சரியாக நூற்று முப்பத்தாறு. வேகம் எடுத்ததும் படகு மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தது. முன்னால் என்ன வருகிறது என்றே தெரியவில்லை. பேரீச்சம்பழப் பெட்டி கடலுக்குப் போயிற்று.

லுல்வா போனில் சொன்னாள். "அப்பாவ இடப்பக்கம் உக்காரச் சொல்லேன். வாயத் தொறந்தா முத்தா கொட்டிரும்?"

"சொல்லலாம். விருந்தாளிய வலத்துலேர்ந்து எழுப்பினவன்னு பேரோட நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு உங்க வீட்டுக்கு வர்றது?"

"அப்ப நீயும் மூட்டையும் கல்யாணம் பண்ணிக்கோங்க."

3.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு வால் தகட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாசகர்கள் தாண்டிப் போகும் பகுதி இது என்று தெரியும். தாண்டாதீர்கள், மிஷாரியின் வாழ்க்கை இதில்தான் தொங்குகிறது.

கடையில் ட்ரிம் டேப் என்போம். எனக்கு வால் தகடு என்று சொல்லத்தான் பிடித்திருக்கிறது. படகின் பின்பக்கத்தில், தண்ணீர் மட்டத்தில், வலத்தில் ஒன்றும் இடத்தில் ஒன்றுமாகக் கீல் வைத்துப் பூட்டிய இரண்டு எஃகுத் தகடுகள். விசையை அழுத்தினால் கீழே இறங்கும். ஓடும் தண்ணீர் அதில் மோதிப் படகின் பின்பக்கத்தைத் தூக்கும், மூக்கு தணியும், படகு தண்ணீரைக் கிழிப்பதை விட்டுவிட்டு அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஒன்றை மட்டும் இறக்கினால் சாய்ந்த படகு நிமிரும். இரண்டையும் முழுக்க இறக்கினால் தண்ணீரை இழுத்துப் பிடித்து வேகம் குறையும். ஆளிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் ஆளை நேராக்கும் சாமான் உலகத்தில் இது ஒன்றுதான். தகடு வாங்க வந்த அன்று இதைச் சொன்னதும் மிஷாரி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

ஆனால் ஒரு சூட்சுமம் உண்டு. இடது விசையை அழுத்தினால் வலது தகடு இறங்கும். தவறு இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். இடது விசை என்றால் இடப்பக்கம் தாழ வேண்டும் என்று பொருள். வலது தகடு இறங்கி வலப்பக்கத்தைத் தூக்கினால்தானே இடப்பக்கம் தாழும். அவன் படகில் மெக்கானிக் சரியாகத்தான் கட்டிக் கொடுத்தார். வியாழக்கிழமை மாலை, படகு வண்டிமேல் நிற்கும்போது மிஷாரி இடது விசையை அழுத்திப் பார்த்தான். வலது தகடு அசைந்தது. அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே கடைக்குப் போன் செய்தான்.

கடையில் அன்று போனை எடுத்தவர் குமரேசன் என்றொரு விற்பனையாளர். பொறுப்பில்லாதவர், எந்நேரமும் வேறு எதையாவது யோசித்துக்கொண்டிருப்பவர். அவர், "ஆமா, மாத்திக் கட்டிருப்பான். நீயே ஒயர மாத்திப் போட்டுரு" என்று

3-அ.

மேலே வாக்கியம் அறுந்து நிற்பதற்குக் காரணம் என் மனைவி ஜெசிந்தா. தோளுக்குப் பின்னால் நின்று படித்திருக்கிறாள்.

"குமரேசன் யாரு?"

"கதையில வர்ற ஆளு."

"கடையில பதினோரு வருசமா நீங்க ஒத்த ஆளுதான இருக்கீங்க."

"கற்பனைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"செஞ்சது நீங்க, திட்டு வாங்குறது குமரேசனா? பாவம், பொறந்து நாலு வரிகூட ஆகல."

குமரேசனை எடுத்துவிட்டேன். போனை எடுத்தது நான்தான். அப்போது நான் வேறொரு கதையின் கடைசிப் பத்தியில் இருந்தேன், அழகான பத்தி, இடையில் போன் அடித்ததில் எனக்கு எரிச்சல். பதினோரு வருடமாக வால் தகடு விற்கிறேன். அந்தச் சூட்சுமம் எனக்கு அன்று வரைக்கும் தெரியாது. மேலே அவ்வளவு விவரமாக எழுதினேனே, அது எல்லாம் பிற்பாடு பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்துத் தெரிந்துகொண்டது.

(அந்த அழகான பத்தியை எந்தப் பத்திரிகையும் போடவில்லை.)

4.

வெள்ளிக்கிழமை காலை பூ யாகூப் கஞ்சி போட்ட வெள்ளை அங்கி, தலைத்துணி, கறுப்பு வளையம் சகிதம் துறைக்கு வந்தார். பின்னால் அவர் மனைவி உம் யாகூப், ஒரு பானை மச்பூஸ் சோற்றுடன். அதற்குப் பின்னால் லுல்வா.

இனி நடந்ததை மிஷாரி என்னிடம் மூன்று முறை சொன்னான். மூன்று முறையும் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டான். படகில் ஏறிய பூ யாகூப், மரியாதைக்காக, இடது இருக்கையை நோக்கி ஓர் அடி வைத்தார்.

"நான் இங்கிட்டே உக்காந்துக்கறேன்ப்பா. எனக்கு எதுன்னா என்ன."

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்து நின்ற மாதிரி. பேசாமல் விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் மிஷாரியை அவன் அம்மா அப்படி வளர்க்கவில்லை. மூளை யோசிக்கும் முன் வாய் பேசிவிட்டது.

"அதெப்படி மாமா? அல்லா மேல ஆணையா சொல்றேன், வலப்பக்கந்தான் உங்க இடம். எந்திரிக்கவே விடமாட்டேன்."

ஆணை விழுந்துவிட்டது. பூ யாகூப் வலத்தில் உட்கார்ந்தார். படகு முனகியது.

துறை தாண்டி வேகம் எடுத்ததும் படகு வலப்பக்கம் சாய்ந்தது. மிஷாரி பதறவில்லை, அதற்குத்தானே தகடு. இடப்பக்கம் தாழட்டும் என்று இடது விசையை அழுத்தினான். நான் மாற்றச் சொன்ன ஒயர் தன் வேலையைச் செய்தது. இடது தகடு இறங்கி, இடப்பக்கம் மேலே போய், பூ யாகூப் இன்னும் கீழே போனார். பத்தவில்லை போலிருக்கிறது என்று அவன் மறுபடி அழுத்தினான்.

"காத்து நல்லா வருது" என்றார் பூ யாகூப், கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு.

மறுபடி அழுத்தினான்.

"தண்ணியும் குளுகுளுன்னு இருக்கு." அங்கியின் ஓரம் கடலில் இழுபட்டுக்கொண்டிருந்தது.

படகு நேராகப் போகாமல் வட்டமடிக்க ஆரம்பித்தது. பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் முதல் சுற்றில் கை அசைத்தார்கள். மூன்றாவது சுற்றில் தூண்டிலைச் சுருட்டிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"அப்பா, இந்தப் பக்கம் வந்து உக்காருங்க" என்றாள் லுல்வா.

"பையன் ஆணை போட்டிருக்கான்மா. நான் எந்திரிச்சா ஆணை முறிஞ்சிரும். அப்புறம் அவன் பத்து ஏழைக்குச் சோறு போடணும்."

"நான் போடறேன் பத்துப் பேருக்கு. எந்திரிங்க."

"விருந்துக்கு வந்த எடத்துல வீட்டுக்காரனுக்குச் செலவு வைக்கிறதா? நல்லாருக்கு."

இருவருக்கும் தெரியும். அவர் எழுந்தால் படகு நிமிரும் என்று அவருக்குத் தெரியும், அவர் எழ வேண்டும் என்று அவன் தவிப்பதும் தெரியும். மரியாதை இருவரையும் ஆளுக்கொரு பக்கம் கட்டிப்போட்டிருந்தது. கடைசியில் மிஷாரி, வேகத்தைக் குறைத்தாலாவது பிழைக்கலாம் என்று, எஞ்சின் கைப்பிடியை மறந்து, இரண்டு விசைகளையும் சேர்த்து ஆன மட்டும் அழுத்தினான். மூக்கு தண்ணீரில் குத்தியது. படகு சேற்றில் மாட்டியது போல் நின்றது. பூ யாகூப் நிற்கவில்லை.

வெள்ளை அங்கி காற்றில் உப்பி, அவர் கடல்மேல் மிதந்தார். தலைவளையம் தனியாக மிதந்தது. உம் யாகூப், "கார் சாவி உங்க பையிலயா இருக்கு?" என்று கேட்டாள். அதைக் கேட்டதும் லுல்வாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், படகுத் தளத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மேலே இழுத்துப் போட்டதும் பூ யாகூப் சொட்டச் சொட்ட அதே வலது இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

"கரைக்குப் போ."

அதுதான் அவர் மிஷாரியிடம் கடைசியாகச் சொன்னது. பத்து நாள் ஆகிறது. மனைவியிடம் மட்டும் ஒன்று சொல்லியிருக்கிறார், என்னையே நேரா உக்கார வைக்கத் தெரியாதவன் என் பொண்ண எப்படி வச்சுக் காப்பாத்துவான் என்று. வரும் வியாழக்கிழமை லுல்வாவைக் கேட்டு வேறொரு வீட்டார் வருகிறார்கள்.

5.

முடிவுகள் வைத்திருக்கிறேன்.

முதலாவது: பூ யாகூப் ஒருநாள் கண்ணாடியைப் பார்த்துத் தானும் சிரித்துவிடுகிறார். (கொழுக்கட்டைக்குள் பூரணம் மாதிரி உள்ளே நல்ல மனசு வைத்து எழுதிப் பார்த்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எழுதிய ஒவ்வொரு முறையும் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டார்.)

இரண்டாவது: லுல்வாவும் மிஷாரியும் ஓடிப்போகிறார்கள். இதற்கு லுல்வாவே மறுப்புச் சொல்லிவிட்டாள். மிஷாரி இந்தப் பேச்சை எடுத்தபோது அவள் சொன்னது: "எங்கப்பா நனைஞ்சப்ப நான் சிரிச்சேன். அவர் என்னயும் சேத்துத்தான் பேசாம இருக்காரு. இந்த நேரத்துல ஓடிப்போனா அது இன்னொரு சிரிப்பு."

மூன்றாவது: குமரேசன் திரும்ப வந்து எல்லாவற்றுக்கும் தானே காரணம் என்று ஒப்புக்கொள்கிறார். நல்ல முடிவு. ஆள்தான் இல்லை.

ஒயரை மாற்றியதுதான் வினை என்று மிஷாரிக்கு இன்னமும் தெரியாது. தன் கைதான் தவறு செய்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். கிரீஸ் டின்மேல் அழுதபோதுகூட, "நீங்க நல்ல சாமான்தான் கொடுத்தீங்க பூ ஜோவன், எனக்குத்தான் ஓட்டத் தெரியல" என்றான். அன்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு நிஜமாகவே அவமானமாக இருக்கிறது. அதனால்தான் எழுதிக்கொண்டே இருக்கிறேன் போலிருக்கிறது. எழுதும்வரை எங்கும் போகவேண்டியதில்லை.

ஜெசிந்தா சட்டையை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"திங்கக்கிழம சாயங்காலம் அவர் திவானியா எல்லாருக்கும் தொறந்திருக்கும்னு நீங்கதான எழுதுனீங்க?"

"நான் அத இன்னும் எழுதல."

"அப்ப எழுதிட்டுக் கெளம்புங்க."

6.

பூ யாகூபின் திவானியா, அதாவது ஆண்கள் கூடிப் பேசும் கூடம், திங்கட்கிழமை மாலைகளில் எல்லோருக்கும் திறந்திருக்கும்.

கைப்பேசியை மடியில் வைத்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன், மரியாதைக் குறைவுதான். பன்னிரண்டு பேர் சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். காவா என்னும் அரபுக் காபியை ஊற்றுகிறவர் சின்னக் கோப்பையை என் கையில் கொடுத்தார். நான் குடிக்காமல் முன்னால் இருந்த பலகையில் வைத்துவிட்டேன். பேச்சு நின்றுபோயிற்று. வந்தவன் காவாவைக் குடிக்காமல் கீழே வைத்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று பொருள். கேட்டது கிடைக்கும் என்று வீட்டுக்காரர் சொல்லும்வரை அவன் தொடமாட்டான். தொடாமலே எழுந்து போனால் அது வீட்டுக்காரருக்கு இழுக்கு.

"என்ன வேணும் பூ ஜோவன்?"

சொல்லிவிட்டேன். போன், ஒயர், அந்த அழகான பத்தி, எல்லாவற்றையும். "பையன் மேல தப்பில்ல. தப்பு என்னோடது. அதுக்காக அவனுக்குப் பொண்ணு இல்லன்னு சொல்லாதீங்க" என்றேன்.

பூ யாகூப் கோப்பையைப் பார்த்தார்.

"அப்ப அவன் அழுத்துனது சரியான விசையத்தானா?"

"சரியானதத்தான்."

"ஒயர் ஒழுங்கா இருந்திருந்தா படகு நிமுந்திருக்கும்?"

"நிமுந்திருக்கும்."

"நான் இருந்த பக்கத்தயா தூக்கியிருக்கும்?"

"அந்தப் பக்கத்தத்தான்."

மூலையில் யாரோ இருமலை அடக்கினார்கள். இருமலா என்று எனக்குச் சந்தேகம். பூ யாகூப் அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார், பிறகு என்னை. மீசைக்கு அடியில் ஏதோ அசைகிறது, கோபமா மற்றதா என்று இங்கிருந்து தெரியவில்லை. கோப்பையில் ஆவி நின்றுவிட்டது.

இப்போது வாயைத் திறக்கிறார். நான் கைப்பேசியை வைத்துவிடப் போகிறேன், கோப்பையை எடுப்பதற்கோ எழுந்து போவதற்கோ கை காலியாக இருக்க வேண்டும். அதுவரை நீங்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.