தூங்குமூஞ்சி எப்படி விழித்தது?

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து அறையில் ஒரு பெண் ஒரு லேப்டாப்பைக் கெடுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அது கெட மாட்டேன் என்கிறது. காலையிலிருந்து மதியம் வரை அதைச் சரிசெய்யப் படாத பாடு பட்டவளும் அவளேதான். இப்போது ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை. அவள் ஓய்ந்துபோவதற்குள் நான் இதை எழுதி முடித்தாக வேண்டும். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதல் வரிக்கு மூன்று தடவை முயன்றேன்.

"கரிய திரையில் வெள்ளை எழுத்துகள் நட்சத்திரங்களைப் போல" — வேண்டாம். திரையில் வந்ததே ஒரே ஒரு வரி. பூட் ஆக ஒன்றும் கிடைக்கவில்லை, எதையாவது செருகிவிட்டு ஒரு பொத்தானை அழுத்து என்றது. பென்டிரைவ் செருகித்தான் இருந்தது.

"மனித மனமும் ஒரு கணினிதான், அதற்கும்" — ஐயையோ. இதை எழுதிய கையை முறிக்க வேண்டும்.

"அன்று அவள்" — இது பரவாயில்லை. ஆனால் அன்று இல்லை, இன்று.

2

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லேப்டாப் ரிப்பேர் செய்பவள். ஒன்பது வருடம் ஒரு கடையின் பின்னறையில் வேலை பார்த்தாள். அவள் சரிசெய்ததையெல்லாம் முன்னறையில் உட்கார்ந்திருக்கும் முதலாளி தானே சரிசெய்ததுபோல வாடிக்கையாளரிடம் நீட்டுவார். போன மாதம் வேலையை விட்டாள். "தனியாப் போய் ஒரு மெஷினையாவது எழுப்பிக் காட்டும்மா, பாக்கலாம்" என்று வழியனுப்பினார் அந்தப் புண்ணியவான்.

தனியாகக் கிடைத்த முதல் வேலை நாளைக்கு. ஒரு நூலகத்தில் இருபத்தாறு பழைய லேப்டாப்புகள், எல்லாம் ஒரே மாடல். உள்ளே இருப்பதை அழித்துவிட்டுப் பென்டிரைவிலிருந்து புது சிஸ்டம் ஏற்ற வேண்டும். காலை ஒன்பதுக்குத் தொடங்கி மாலைக்குள் முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். வெள்ளோட்டம் பார்க்க ஒன்றை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்தாள். நேற்றே அதைத் துடைத்துக் காலியாக்கிவிட்டாள். இன்று பென்டிரைவைச் செருகினால், அது கண்டுகொள்ளவே இல்லை. கறுப்புத் திரை, அந்த ஒற்றை வரி. எத்தனை தடவை எழுப்பினாலும் அதே கதை. தூங்குமூஞ்சி என்று அதற்குப் பெயர் வைத்தாள்.

(இங்கே ஒரு அடிக்குறிப்பு: கணக்கு எளிது. இது விழித்த காரணம் தெரிந்தால்தான் மற்ற இருபத்தைந்தையும் எழுப்ப முடியும். இல்லாவிட்டால் நாளைக்கு நூலகத்தில் இருபத்தைந்து தூங்குமூஞ்சிகள் நடுவே அவள் நிற்பாள்.)

3

கணவன் என்று ஒருவன் இருக்கிறான். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிறவன். நல்லவன்தான், ஆனால் துடைக்கிற வியாதி உள்ளவன். எந்த மேசையைப் பார்த்தாலும் கை துணியைத் தேடும். மூன்று வாரத்துக்கு முன் அப்படித்தான், அவள் கழற்றி வைத்திருந்த எள்ளளவு திருகு ஒன்றைத் துடைத்தெடுத்துக் குப்பையில் போட்டான். அவள் சண்டை போடவில்லை. நீல டேப்பை எடுத்து மேசையைச் சுற்றித் தரையில் ஒட்டினாள்.

"இந்தக் கோட்டுக்குள்ள துணி வரக்கூடாது, டீ வரக்கூடாது, நீங்களும் வரக்கூடாது."

"எனக்கென்ன வேலை அங்க?"

"சத்தியமா?"

"சத்தியமா."

[கணவன் நானல்ல. நான் கதாசிரியன். சந்தேகம் வரலாம் என்பதால் சொல்லிவைக்கிறேன்.]

4

இனி நடந்தது.

காலை பூராவும் அவள் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து ஒரு தாளில் டிக் போட்டுக்கொண்டே வந்தாள். வேறு பென்டிரைவ் போட்டாள். அதே பென்டிரைவில் திரும்ப எழுதினாள். இடப்பக்கம் இருந்த போர்ட் இரண்டிலும் மாற்றி மாற்றிச் செருகினாள். பென்டிரைவ் கொழுகொழுவென்று இருந்ததால் சார்ஜர் இடித்தது, அதற்காக ஒரு சாண் நீள ஒயர் ஒன்றை நடுவில் கொடுத்திருந்தாள். அந்த ஒயர் மேல் சந்தேகப்பட்டு அது இல்லாமலும் பார்த்தாள். செட்டிங்கில் நுழைந்து பென்டிரைவை வரிசையில் முதலாவதாக வைத்தாள். தெரியாதவர்களை உள்ளே விடாதே என்று இருந்த காவலை நிறுத்தினாள். ஆறு டிக் ஆயிற்று. ஏழாவதாக, பழைய முறையில் பூட் ஆகு என்ற செட்டிங்கை மாற்றிச் சேமித்தாள். பொத்தானை அழுத்தப் போகும் நேரம் பார்த்து அக்காவிடமிருந்து போன் வந்தது. மெஷினை அணைத்துவிட்டுப் பேசியபடியே பால்கனிக்குப் போனாள்.

அப்போதுதான் கணவன் டீயோடு வந்தான். சாப்பிடாமல் கிடக்கிறாளே என்ற கரிசனம். கோட்டுக்கு வெளியேயிருந்து எட்டி வைக்கலாம் என்று பார்த்தான். எட்டவில்லை. ஒரே ஒரு கால் உள்ளே வைத்தான். டம்ளர் ஒயரில் தட்டியது. கொட்டியது என்னவோ அரை வாய் டீதான், ஆனால் லேப்டாப்பை நோக்கி ஓடியது. துணியை எடுத்து நான் அவசர அவசரமாக (அவன் அவசர அவசரமாக. கைப்பிழை) செருகியிருந்ததையெல்லாம் பிடுங்கினான். இடப்பக்கம், பென்டிரைவ் மாட்டியிருந்த அந்த ஒயரை. பிறகு திரைக்குப் பின்னால், மடிப்போரம் ஒளிந்திருந்த இன்னொரு ஓட்டையில் இருந்த நகத்தளவு துண்டை. அது மவுஸுக்கானது. அதை அங்கே செருகியது அவளேதான். காலையில் செருகியவள், அப்படி ஒரு ஓட்டை இருப்பதையே அதோடு மறந்துவிட்டாள்.

துடைத்தான். ஊதிக் காயவைத்தான். திரும்பச் செருகினான். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது, இரண்டையும் மாற்றிச் செருகிவிட்டோம் என்று. ஓடிப்போய்ச் சரிசெய்யலாம் என்று திரும்பினால், அவள் நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"ஏங்க! ஓடி வாங்க! முழிச்சிருச்சு!"

நீலத் திரை. எந்த மொழி வேண்டும் என்று பவ்யமாகக் கேட்டுக்கொண்டிருந்தது தூங்குமூஞ்சி. அவள் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினாள். மறுபடி அக்காவைக் கூப்பிட்டாள்.

"கண்டுபிடிச்சுட்டேன்க்கா! அந்த ஏழாவதுதான்! மூணு மணி நேரம் உயிர எடுத்துருச்சு!"

"நீ கண்டுபிடிக்காம வேற எவடி கண்டுபிடிப்பா?" என்றது போன், அறை முழுக்கக் கேட்கும்படி.

கணவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். திருடனுக்குத் தேள் கொட்டினால் அப்படித்தான் நிற்பான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததில் அவனுக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. பின்னறையில் இருந்த ஒன்பது வருடத்தில் அவள் ஒரு நாளும் அப்படிச் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததில்லை.

5

சாதாரணமான ஆள் என்றால் இதோடு மெஷினை மூடி வைத்துவிட்டு நாளைக்கான பையை எடுத்துவைப்பாள். இவள் ஏழாவது செட்டிங்கைப் பழையபடி மாற்றினாள். அப்படிச் செய்தால் மறுபடி தூங்க வேண்டும், அதுதான் நிரூபணம்.

தூங்கவில்லை. எந்த மொழி வேண்டும் என்றது.

ஆறாவதைத் திருப்பினாள். எந்த மொழி வேண்டும்? ஐந்தாவது. எந்த மொழி வேண்டும்?

"எல்லாத்தையும் காலைல இருந்த மாதிரியே வச்சுட்டேன். இப்பவும் ஏங்க முழிக்குது?"

"முழிச்சா நல்லதுதானே?"

"காரணம் தெரியாம சரியானா அது சரியானதே இல்லங்க. நாளைக்கு அங்க போய் ஒண்ணு கூட முழிக்கலன்னா? பழைய முதலாளிக்குத் தகவல் போகாமயா இருக்கும்?"

கணவன் எதையோ சொல்ல வாயைத் திறந்தான்.

"டீ இன்னொண்ணு போடட்டுமா?" என்றான்.

[இந்த இடத்தில் பாத்திரத்தை அடித்துவிட்டு வேறு ஆளைப் போடலாமா என்று யோசித்தேன். துணியைத் தொடாத, துணிச்சலான கணவன் ஒருவனை. ஆனால் அவன் அந்த வீட்டில் இருந்திருந்தால் திருகும் தொலைந்திருக்காது, டேப்பும் இருந்திருக்காது, தூங்குமூஞ்சியும் விழித்திருக்காது.]

6

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கணவன் வாயே திறப்பதில்லை. மறுநாள் நூலகத்தில் அவள் முதல் லேப்டாப்பில் பென்டிரைவைச் செருகுகிறாள், இடப்பக்கம். கறுப்புத் திரை. இரண்டாவது, கறுப்புத் திரை. நூலகர் பெண் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்க்கிறாள். மூன்றாவதை அவள் — இதற்குமேல் எழுத என்னால் ஆகவில்லை.

இன்னொன்று: அவளே பின்னால் எட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுகிறாள். எனக்கு வசதியான முடிவு. ஆனால் நான் இப்போதுதான் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். கன்னத்தில் கைவைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது டிக்குக்குப் பக்கத்தில் "போர்ட் – எல்லாம் பார்த்தாச்சு" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறாள். தானே அடிக்கோடு போட்டதை யார் சந்தேகப்படுவார்கள்?

இன்னும் ஒன்று: கணவன் போய் நேருக்கு நேர் சொல்லிவிடுகிறான். இதற்காக இரண்டு தடவை வாசற்படி வரை போனேன். இரண்டு தடவையும் அவள் நிமிர்ந்து "என்னங்க?" என்றாள். முதல் தடவை மணி கேட்டேன். இரண்டாவது தடவை மின்விசிறியைக் கூட்டட்டுமா என்று கேட்டேன்.

சரி, கவனித்துவிட்டீர்கள். மறைத்து என்ன ஆகப்போகிறது, அந்தத் தண்ணீர் மீட்டர் ஆசாமி நான்தான்.

சத்தியத்தை மீறியது ஒரு பக்கம். அதற்குத் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், பழக்கம்தான். அவள் அக்காவிடம் கத்திச் சொன்ன அந்தக் "கண்டுபிடிச்சுட்டேன்" இருக்கிறதே, அதை அவளிடமிருந்து பிடுங்கத்தான் எனக்கு மனசு வரவில்லை.

7

"என்னங்க பண்றீங்க, இவ்வளவு நேரமாச் சத்தத்தையே காணோம்?"

"எழுதிட்டிருக்கேன்."

"கதையா? முடிஞ்சுதா?"

"முடிவு மட்டும் வரல."

"கொண்டாங்க இங்க. மண்டை காஞ்சுபோச்சு. வேற எதையாவது படிச்சாத்தான் இனிமே மூளை ஓடும்."

நான் எழுதுகிற எதையும் முதலில் படிக்கிறவள் அவள்தான். பென்சிலை வைத்துக்கொண்டு படிப்பாள், பிடிக்காத இடத்தை அடித்து அவளே மாற்றியும் எழுதிவிடுவாள். ஆகவே மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த முடிவை உங்கள் கையில் கொடுத்துப் பயனில்லை. நாளைக்கு ஒன்பது மணிக்கு நூலகத்துக்குப் போகிறவர் உங்களில் ஒருவரும் இல்லை.

இனி உனக்கு மட்டும். டீயைக் கொட்டியது நான். பிடுங்கி மாற்றிச் செருகியதும் நான். ஆனால் அந்த ஓட்டையில் மட்டும் அது ஏன் விழிக்கிறது என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க நீதான் வேண்டும். அதனால் நீ அக்காவிடம் சொன்னது பொய்யில்லை, கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டாய், அவ்வளவுதான். ஒயர் எங்கே போகிறது என்று திரைக்குப் பின்னால் எட்டிப் பார். பார்த்துவிட்டுப் பென்சிலை எடுத்துக் கடைசி வரியை நீயே முடித்துவிடு. பாதி எழுதி வைத்திருக்கிறேன்:

அவள் பின்னால் எட்டிப் பார்த்தாள், பிறகு வாசலில் நின்றிருந்த தன் கணவனை