கேலி முறை

“ஒரு மூட்டைக் கடலையையும் ஒரே மூச்சுல தின்னு தீர்த்துட்டியாமே, விதைக்காவது நாலு மிச்சம் வெச்சியா?”

பள்ளிக்கூடத்தை விட்டு நின்று, பாக்ரே ஊர் நெல் வயலில் நாற்று நட வந்த முதல் நாள் ரஸ்மதாவிடம் சியூ கேட்ட கேள்வி இது. தைவானிலிருந்து வந்த நெல் நிபுணர் அவர். ரஸ்மதா சேற்றைப் பார்த்தபடி நின்றாள். மற்றப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அந்த ஊர்க்காரர்கள் பிஸ்ஸா இனத்தவர். அவர்களைக் கடலைப் பைத்தியங்கள் என்று சீண்டுவது குருன்சி இனத்தாரின் உரிமை. பதிலுக்குக் குருன்சிகளை ‘எங்கள் அடிமை’ என்று விரட்டுவது பிஸ்ஸாக்களின் உரிமை. சாவு வீட்டில்கூட விடமாட்டார்கள். இந்தக் கேலி முறைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் கோபிக்கக் கூடாது. உறவை முறிக்கவே கூடாது. சியூவின் ஜீப்பை ஓட்டும் பஸியே என்பவன் ஒரு குருன்சி. “என் வண்டியில வந்தவரு எனக்கு அண்ணன்” என்று சொல்லி சியூவையும் இந்த முறைக்குள் இழுத்துவிட்டவன் அவன்தான்.

மூன்று போகமாக சியூ அவளைச் சீண்டாத காலை இல்லை. ரஸ்மதா வாய் திறந்ததும் இல்லை. நல்ல நல்ல பதில்கள் அவளுக்கு வரும், வீடு திரும்பும் வழியில்.

பிறகு ஒரு நாள் வானொலியில் செய்தி சொன்னார்கள். தங்கள் நாட்டு அரசாங்கம் தைவானோடு உறவை முறித்துக்கொண்டு சீனாவோடு கைகோர்த்துவிட்டது. தைவான்காரர்கள் எல்லோரும் கிளம்ப வேண்டும்.

“பெரிய சந்தை திறந்தா சின்னக் கடைக்கு எவ போவா?” என்றாள் குழுத் தலைவி ஹபிபு. “இனி சீனாக்காரங்க வருவாங்க. அவங்களும் நெல்லுதான் போடுவாங்க.”

“அப்ப நம்ம கேலி முறை என்னாகும்க்கா?” என்று கேட்டாள் ரஸ்மதா.

“அடியேய், உனக்குப் பேச்சு வருமா? அதையும் சேர்த்து முறிச்சாங்களான்னு தலைநகரத்துக்குப் போய்க் கேளு!”

எல்லோரும் சிரித்தார்கள். ரஸ்மதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாளும் ஒரு பக்கம்தான் பேசியிருக்கிறது. பதில் வாங்காத கேலி உறவாகுமா? ஒரு வார்த்தையாவது திருப்பிக் கொடுக்காவிட்டால் அவர் வேலைக்கு வந்து போன யாரோ ஓர் அந்நியர்தான்.

அவர் புறப்படும் காலையில் மாவட்ட அதிகாரி வந்திருந்தார். “பேச்சு, பாட்டு எதுவும் வேணாம். கை குடுத்து அனுப்பிடுங்க. மேல இருந்து கவனிக்கிறாங்க.”

தேய்த்த சட்டையும் கறுப்பு ஷூவுமாக சியூ வரிசையாகக் கை கொடுத்துக்கொண்டே வந்தார். யாரையும் சீண்டவில்லை. நாற்றங்காலிலிருந்து தலைச்சுமையோடு வந்து நின்ற ரஸ்மதாவுக்கும் கை கொடுத்துவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

“டேய் அடிமை!”

அது தன் குரல்தானா என்று அவளுக்கே திகைப்பு.

“யாரைக் கேட்டுக் கிளம்பற? உன்னை நான் இன்னும் எவனுக்கும் விக்கலையே!”

அதிகாரி பதறினார். “ஏ பொண்ணு, வாயை மூடு!”

“ஐயா, நீங்க மொஸ்ஸி இனத்து ஆளு” என்றான் பஸியே, ஜீப்பிலிருந்து. “இது எங்க ரெண்டு கூட்டத்து விவகாரம். குறுக்க வராதீங்க.”

 ரஸ்மதா நிறுத்தவில்லை. “எனக்குத் தலை கனக்குது. இந்த நாத்தைக் கடைசிப் பாத்தியில கொண்டு போட்டுட்டு அப்புறம் எங்க வேணா தொலை!”

எல்லோரும் சியூவின் வாயையே பார்த்தார்கள்.

“அண்ணே, விடாதீங்க, திருப்பிக் குடுங்க!” என்று பஸியே கத்தினான்.

  சியூ திரும்பி வந்தார். அவள் தலையிலிருந்த நாற்றுக்கட்டைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். சேற்றுநீர் சட்டையில் வழிய வரப்போடு நடந்து, கடைசிப் பாத்திக்குள் ஷூவோடு இறங்கி, கட்டை இறக்கி வைத்தார். கரையேறி வந்து, முழங்கால்வரை சேறோடு ஜீப்பில் உட்கார்ந்தார்.

பஸியே வண்டியைக் கிளப்பினான். அவளைக் கடக்கும்போது சியூ அவளைப் பார்த்தார். எஜமானிக்குப் பணிவதுபோல் தலையைத் தாழ்த்திவிட்டுப் போனார்.