ஐந்தரையா, மூன்றா

வனமாமலைக்கு வீம்பு கொஞ்சம் ஜாஸ்தி. இல்லாவிட்டால் நாங்குநேரியிலிருந்து பிழைக்க வந்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனியில் நட்டுக்கு மரை போடுகிற ஆளுக்கு, பேட்டரியில் பறக்கிற ஏரோப்ளேன் எதற்கு? பேக்கிங்கில் வந்த தெர்மோகோலை அறுத்து, மோட்டாரும் ரிமோட்டும் பர்மா பஜாரில் தேடிப்பிடித்து, மணிமங்கலத்துப் பத்துக்குப் பத்து ரூமில் நாலடி இறக்கையைச் சாத்தி வைத்தான். கல்யாணமாகி ஏழு மாசம். பாண்டிச்செல்விக்குச் சீராக வந்த பீரோ இன்னும் அவள் அம்மா வீட்டிலேயே நிற்கிறது. இங்கே அது நிற்க வேண்டிய சுவரில் இறக்கை. அவள் புடவைகள் அட்டைப்பெட்டியில்.

அந்த ப்ளேன் பறந்தாலாவது பரவாயில்லை. இரண்டு தடவை விட்டான், இரண்டு தடவையும் மூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தொப்பென்று விழுந்தது. வீட்டுக்காரர் மகன் லோகேஷ் சிரித்த சிரிப்பில் இவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னொரு வாட்டி விழுந்தா மொத்தத்தையும் உனக்கே குடுத்திருதேன். அப்புறம் தொட மாட்டேன், சத்தியம்."

செல்வி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டு, பீரோவைத் துடைத்து வைக்கச் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் வற்றிக் கிடந்த ஏரிக்குள் இறங்கினார்கள். இறக்கைதான் கோளாறு என்று வாரம் முழுக்க அதையே தேய்த்துச் சரிபண்ணியிருந்தான் வனமாமலை. முன்னால் சுற்றுகிற விசிறியை அவன் சந்தேகிக்கவே இல்லை. கடைக்காரன் இரண்டு விசிறி கொடுத்திருந்தான். இரண்டும் ஒரே நீளம், பிட்ச் மட்டும் வேறே, ஒன்று மூன்று, ஒன்று ஐந்தரை. பிட்ச் என்றால் அவனுக்குத் தெரியாதா? ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் முன்னேறும் என்ற கணக்கு, தினமும் போடுகிற மரையில் பார்ப்பதுதானே. ஐந்தரை இருக்கும்போது எவனாவது மூன்றைப் போடுவானா? மூன்றின் கவரைக்கூட அவன் பிரிக்கவில்லை.

லோகேஷ் ப்ளேனைப் பிடித்துக்கொள்ள, இவன் மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்து நிறுத்தினான். அவ்வளவு நேரம் ஓரமாக நின்ற செல்வி விறுவிறுவென்று வந்து, மோட்டாரைத் தொட்டு, சூடு பொறுக்காமல் சட்டென்று விரலை எடுத்தாள். ஒரகடத்தில் கார் ஃபேன் மோட்டார் செய்கிற கம்பெனியில் அவளுக்கு டெஸ்டிங் வேலை. ஷிப்டுக்கு நானூறு மோட்டாரை ஓடவிட்டு, காதால் கேட்டு, கையால் தொட்டுப் பார்த்துத்தான் ஓகே ஸ்டிக்கர் ஒட்டுவாள்.

"இந்த விசிறி வேண்டாம். இன்னொன்ன மாட்டுங்க."

"அது வெறும் மூணு செல்வி. இது ஒரு சுத்துக்கு அஞ்சரை அங்குலம் போவும்."

"போவும்னா ஏன் போவல? காத்து என்ன உங்க நட்டா, கடிச்சுப் பிடிக்க? மோட்டார் சுத்த மாட்டாமத் திணறுது, உங்களுக்குக் கேக்கலியா?"

"தலைவா, அண்ணி சொல்றதுல மேட்டர் கீது," என்றான் லோகேஷ். "லோடு வண்டிய டாப் கியர்ல கெளப்புனா இன்னா ஆவும்?"

முணுமுணுத்துக்கொண்டேதான் மாற்றினான். மூன்றைப் போட்டதும் மோட்டார் கீச்சென்று வேறு குரலில் பாடியது. லோகேஷ் ஓடிப்போய் வீசினான். ப்ளேன் ஒரு முழம் இறங்கிற்று. வனமாமலைக்கு உயிர் போய் வந்தது. அப்புறம் அது நிமிர்ந்து, கருவேல மரங்களைத் தாண்டி, மேலே மேலே ஏறிக்கொண்டே போனது. லோகேஷ் கைதட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடினான்.

இரண்டு வட்டம் அடித்த பிறகுதான் வனமாமலைக்கு உறைத்தது. இவள் வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் போதுமே. ப்ளேன் விழுந்திருக்கும், சத்தியம் பலித்திருக்கும், அடுத்த வாரமே பீரோ வந்து இறங்கியிருக்கும்.

"நீ பேசாம இருந்திருக்கலாமே செல்வி?"

"இருக்கணும்னுதான் வந்தேன்," என்றாள் அவள். "கெட்ட மோட்டாருக்கு ஓகே போட்டு எனக்குப் பழக்கமில்ல. அதுவுமில்லாம, போன வாட்டி விழுந்தப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். இன்னொரு வாட்டி என்னால பாக்க முடியாது."

அவன் கண் நிறைந்துவிட்டது. இவளுக்கு என்ன செய்தோம் இந்த ஏழு மாசத்தில், ஒரு சுவரைக்கூடக் கொடுக்கவில்லையே என்று தோன்றியது.

"நீ எனக்கு வாய்ச்சது பெரிய விஷயம்ட்டி," என்றான், ரிமோட்டைப் பிடித்தபடி அவளையே பார்த்து.

"அது சரி," என்றாள் செல்வி. "இப்ப மேல பாருங்க."