கதவுக்குப் பின்னால் நின்ற சாட்சி

"பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா வேணி. உனக்கு இன்னா கொறைஞ்சிடப் போவுது?"

தணிகாசலம் தங்கையின் முன்னால் கெஞ்சிக்கொண்டு நின்றான். கிருஷ்ணவேணி பட்டு நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். ஊர் ஊராக மேடையேறி விதவை மறுமணம் பேசுகிற அண்ணன் தன்னிடம் கெஞ்சுவது அவளுக்கு உள்ளூர இனித்தது.

இனிக்காதா பின்னே? சின்ன வயதிலேயே தாலியறுத்து இந்த வீட்டுக்குத் திரும்பியவள் அவள். வாலாஜாபாத்திலிருந்து ஒருவர் அவளைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியபோது, "நம்ம தெரு ஒத்துக்காதும்மா" என்று முடித்துவிட்டவன் இதே அண்ணன். ஏகாம்பரநாதரைத் தரிசிக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தவமணியும் புருஷனை இழந்தவள்தான். அவளை மட்டும் ஐயர் இல்லாமல், மந்திரம் இல்லாமல், வீட்டுக் கூடத்திலேயே மாலை மாற்றிக் கட்டிக்கொண்டான். தெரு ஒத்துக்கொண்டதா என்று அன்றைக்கு அவன் கேட்கவில்லை.

குங்குமமும் கதம்பமுமாகத் தவமணி வளையவரும்போதெல்லாம் வேணிக்கு வயிறு எரியும். "மச்சாள்" என்று யாழ்ப்பாண வழக்கப்படி நாத்தனாரை அவள் வாய் நிறையக் கூப்பிட்டால் இன்னும் எரியும். அவள் நல்லவளாகவும் இருந்து தொலைத்தாள். அதுதான் தாங்கவில்லை.

தவமணி இலங்கைப் பிரஜை. தங்கும் அனுமதியை நீட்டிக்க மனு போட்டதும் போலீசார் விசாரிக்க வந்தார்கள். கல்யாணம் நடந்தது, கண்ணால் பார்த்தேன் என்றாள் அத்தை ஜெயம்மாள். "நான் பாக்கல" என்றாள் வேணி. ஒரே வீட்டில் இரண்டு பேச்சு. திருமணம் நிரூபணமாகவில்லை, நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. தணிகாசலம் மெட்ராஸ் வரை போய் முறையிட்டதில் மேலிடம் உத்தரவை நிறுத்திவைத்து, மறுபடி விசாரிக்கச் சொல்லியிருந்தது.

விசாரிக்க வந்த துணைத் தாசில்தார் ஆதிகேசவன் நாற்காலியில் உட்கார்ந்தார். "எல்லாரையும் கேட்டாச்சு. நீங்கதாம்மா பாக்கலன்னு சொல்லிக்கினு இருக்கீங்க. அன்னிக்கி வீட்லதானே இருந்தீங்க?"

வேணி தவமணியைப் பார்த்தாள். சுவரோரம் தலையில் பூவில்லாமல் நின்றாள் அவள். இதைத்தானே பார்க்க ஆசைப்பட்டாய் என்று மனசு கேட்டது. பார்த்தபோது இனிக்கவில்லை. திருப்பி அனுப்பினால் யாழ்ப்பாணத்து வீட்டில் இவளுக்கு எந்த மூலை காத்திருக்கும் என்று வேணிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"இருந்தேங்க. அடுப்பாண்ட. தாலியறுத்தவ மொகத்துல முழிக்கக் கூடாதுன்னு அத்தை கதவைச் சாத்திட்டாங்க. எங்கண்ணன் பாத்துக்கினுதான் இருந்தாரு. பாயசம் நான் கிண்டினது. கைதட்டுற சத்தம் கேட்டுது. பாக்கல."

தணிகாசலம் தலை குனிந்துகொண்டான்.

"சர்க்கார் ஆளு முன்னாடி இன்னாடி பேச்சு இது?" என்று அதட்டினாள் அத்தை.

"நல்ல காரியத்துக்கு ஆவாத மொகம் சர்க்கார் காரியத்துக்கு மட்டும் ஆவுமா அத்தை?"

ஆதிகேசவன் பேனாவை மூடினார். "அப்ப நான் இன்னாம்மா எழுதறது?"

"செத்த இருங்க சார். என் கண்ணு முன்னாடி மாலை மாத்தட்டும். பாத்துட்டுச் சொல்றேன்."

அவர் சற்று யோசித்தார். "சுயமரியாதைக் கல்யாணத்துக்கு வந்திருக்கிற புதுச் சட்டப்படி உறவுக்காரங்க முன்னாடி மாலை மாத்தினாலே போதும். அன்னிக்கி நடந்ததோட இதையும் சேத்து எழுதறேன்."

தெருமுனைப் பூக்கடைக்கு வேணியே போனாள். இரண்டு மாலையோடு திரும்பியவளை வாசலில் மறித்தாள் அத்தை. "நீ தொட்ட மாலையாடி?"

"நான் தொடலன்னா அவங்க கப்பலேறணும். வழிய விடு."

ஒரு மாலையை அண்ணன் கையில் வைத்தாள். மற்றதைத் தவமணியிடம் நீட்டினாள். "மச்சாள்" என்றபடி தவமணி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவர்கள் மாலை மாற்றிக்கொண்டபோது வேணிக்கு வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் கண்ணை எடுக்காமல் கூடத்தின் நடுவில் நின்று பார்த்தாள்.

"பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன். இனிமே எந்தக் கதவுக்குப் பின்னாடியும் நான் நிக்க மாட்டேன். அதையும் எழுதிக்குங்க."

"அதுக்கு இதுல எடமில்லியேம்மா" என்றார் ஆதிகேசவன்.

வேணி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். "அப்ப எங்கண்ணன் எழுதிக்கட்டும். அடுத்த கூட்டத்துல பேசறதுக்கு ஆவும்."